றலியா, ஹம்பரா? பழைய சைக்கிள்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி (ஒட்டுசுட்டான் வாசகர்): அப்பப்பா வயலுக்கும் சந்தைக்கும் ஓடித் திரிந்த கறுப்புச் சைக்கிள் மாட்டுக்கொட்டிலில் கிடக்கிறது. பெயர் அழிந்துவிட்டது. அம்மா அதை றலி என்கிறார். சித்தப்பா ஹம்பர் என்கிறார். எது சரி? எந்த ஆண்டு வண்டி என்று அறிய வழியுண்டா? படங்கள் இணைத்துள்ளேன்.

பதில்: சித்தப்பா சரியாகவே பார்த்திருக்கிறார். முன்சில்லைத் தாங்கும் கவையைக் கவனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சில்லின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குழாய்தான் கீழிறங்கும். தங்கள் வண்டியில் பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய்கள் இணையாக இறங்குகின்றன. இது ஹம்பரின் பழைய அடையாளம். பெடலோடு சுற்றும் பெரிய பற்சக்கரத்தில் ஐந்து மனித உருவங்கள் வெட்டப்பட்டிருப்பதும் அதையே உறுதிப்படுத்துகிறது. றலியாயின் அந்த இடத்தில் நாரைத் தலைகளைக் கண்டிருப்பீர்கள். ரட்ஜ் என்ற இன்னொரு பிரித்தானிய வண்டியென்றால் ஒரு கையின் உருவம் இருந்திருக்கும். ஆனாலும் அம்மா சொன்னதை முழுப் பிழையென்று தள்ளிவிட முடியாது. 1932இல் றலி நிறுவனம் ஹம்பர் சைக்கிள்களை வாங்கிக்கொண்டது, 1943இல் ரட்ஜையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே பின்னாளில் நம் நாட்டுக்கு வந்த ஹம்பர்கள் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் றலியின் தொழிற்சாலையிலேயே பிறந்தவை.

ஆண்டைத் தேட வேண்டிய இடம் பின்சில்லின் நடுவிலுள்ள ஹப். அதன் அச்சிலிருந்து சிறு சங்கிலித் துண்டொன்று வெளியே வருவது படத்தில் தெரிவதால், அது ஸ்ரேமி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப்பாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சில்லுக்கம்பிகளுக்கிடையே விட்டு, பழைய கிறீஸ் முழுவதும் வரும்வரை பொறுமையாகத் துடையுங்கள். நிறுவனத்தின் பெயரும் ஹப்பின் வகையைக் குறிக்கும் 'ஏ.டபிள்யூ.' என்ற எழுத்துகளும் தெரியவரும். அருகில் 53, 7 என்பது போல எண்கள் அடித்திருக்கும். 53 என்றால் 1953, 7 என்றால் யூலை மாதம். என் பெரியப்பாவின் வண்டியில் 3 எது, 8 எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. மெல்லிய தாளொன்றை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தபோதுதான் 8இன் மூடிய வளைவு தாளில் எழுந்து வந்தது.

ஆனால் அந்த எண் ஹப்பின் வயதை மட்டுமே சொல்லும் என்பதை மறக்க வேண்டாம். வன்னியில் ஓடிய சைக்கிளுக்கு இது மிகவும் பொருந்தும். பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. நெல் மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேயே போன அந்த நாள்களில், உடைந்த வண்டியின் சில்லை இன்னொன்றுக்குப் பூட்டி ஓடுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. எனவே ஹப், கவை, பற்சக்கரம், சீற் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்து, அவை ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றனவா என்று தீர்மானியுங்கள். வண்டியின் குழாய்ச் சட்டத்தில் ஒட்டிய விற்பனையாளர் முத்திரையில் 'சிலோன்' என்ற சொல் எஞ்சியிருந்தால், நாட்டின் பெயர் 1972இல் மாறியதை நினைவிற்கொண்டு, அதற்கு முன் விற்ற வண்டி என்று பெரும்பாலும் கொள்ளலாம். உள்ளூராட்சிச் சபையின் உரிமத் தகடு கிடைத்தால், அதிலுள்ள ஆண்டு வண்டி ஓடிய ஆண்டேயன்றிச் செய்யப்பட்ட ஆண்டு அல்ல.

கேள்வி (அதே வாசகர்): கறளை எடுத்துவிட்டுப் புதிதாகப் பெயின்ற் அடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து அடிக்க வேண்டாம். அந்தக் கறுப்பின் மேல் ஓடும் மெல்லிய பொன்னிறக் கோடுகள் அக்காலத்தில் தூரிகையால் கையால் இழுக்கப்பட்டவை. ஒருமுறை சுரண்டினால் திரும்ப வராது. கறுப்பை மென்மையான சவர்க்கார நீரால் கழுவி, உடனே ஈரம் துடைத்து, மெழுகு பூசினால் போதும். குரோம் பூசிய பகுதிக்கு மண்தாள் பிடிக்கவே கூடாது. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், குரோமை விட அலுமினியம் மென்மையானதால் கீறல் விழாமல் கறள் கழன்றுவரும். தேங்காயெண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது நாளடைவில் பிசினாகி உருளும் பாகங்களை இறுக்கிவிடும். ஹப்பிலுள்ள சிறு மூடியைத் திறந்து, மெல்லிய இயந்திர எண்ணெயை மாதம் சில துளிகள் விட்டுவாருங்கள்.

பெடல் அச்சைக் கழற்றும்போதுதான் பெரிய சேதங்கள் நிகழ்கின்றன. கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையை, அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் கொட்டர்ப்பின்னை நேரே சுத்தியலால் அடித்தால் பின்னும் வளையும், உள்ளிருக்கும் குண்டுகளும் அடிபடும். முதல் நாளே மண்ணெண்ணெய் ஊறவிட்டு, கிராங்கின் அடியில் இரும்புக் குழாய்த் துண்டொன்றை நிலத்திலிருந்து முட்டுக்கொடுத்துவிட்டு, ஒரே பலமான அடியாக அடிக்க வேண்டும். அச்சின் குண்டுகளைத் தாங்கும் வலப்பக்கக் கப்பின் மரை எதிர்த்திசையிலானது. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். நொட்டிங்ஹாம் வண்டிகளில் அந்த மரை அங்குலத்துக்கு 26 வரிகள் கொண்டது. ஏனைய பிரித்தானிய வகை வண்டிகளில் அது 24. கடையில் கிடைக்கும் சாதாரணக் கப்பை வற்புறுத்தி ஏற்றினால் சட்டத்தின் மரையே அழிந்துபோகும். பழைய கப்பைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே வாங்குங்கள்.

கேள்வி (கிளிநொச்சி வாசகர்): கனடாவிலுள்ள அண்ணா தடித்த பலூன் ரயர் பூட்டிய பழைய அமெரிக்கச் சைக்கிளொன்றை வாங்கியிருக்கிறார். நம் ஊர் 28 அங்குல ரயரை அனுப்பினால் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. நம் ஊர்ச் சைக்கிளின் 28 × 1½ ரயர் உட்காரும் றிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர். பலூன் ரயர் 26 × 2.125 என்ற அளவில் 559 மில்லிமீற்றர் றிம்மில் உட்காருவது. சிக்காகோவின் ஷ்வின் நிறுவனம் 1933இல் இந்த ரயரோடு வண்டியை விற்கத் தொடங்கியது. குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் அந்தப் பருமன், கரடுமுரடான தெருவின் அதிர்வைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். அண்ணாவின் வண்டியும் ஷ்வினாக இருந்தால், அதன் தொடரெண் ஆரம்பக் காலத்தில் பெடல் அச்சுக் குழாயின் அடியிலும், 1952 முதல் பின்சில்லின் இடப்பக்க அச்சுப் பிடியிலும், 1970 முதல் முன் தலைக்குழாயிலும் அடிக்கப்பட்டது. ஆகவே எண் இருக்கும் இடமே காலத்தை ஓரளவு காட்டிவிடும்.

ரயர் வாங்கும்போது தசமத்தையும் பின்னத்தையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். 26 × 1.75 என்று எழுதிய ரயர் 559 மில்லிமீற்றர் றிம்முக்கும், 26 × 1¾ என்று எழுதியது 571 மில்லிமீற்றர் றிம்முக்கும் உரியவை. கணக்கில் இரண்டும் ஒன்றே எனினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறாது. பழைய ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுவதே பாதுகாப்பானது. மலைச் சைக்கிள்களின் தடித்த 26 அங்குல ரயர்களும் 559 மில்லிமீற்றர் றிம்முக்கானவையே என்பதால், பலூன் வண்டிக்கு ரயர் தேடிக் கனடாவில் அவர் அலைய வேண்டியிராது.