நிழல் பொம்மை எந்தப் பக்கம் சுத்துனாலும் உங்க பொண்ணுக்கு கணக்கு வரும்

கேள்வி: டாக்டர், என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. டான்ஸ் ஆடுற மாதிரி சுத்திக்கிட்டே இருக்குற ஒரு கருப்பு பொம்மை வீடியோ வாட்ஸ்அப்ல வந்துச்சு. கடிகார திசையில சுத்துனா நீங்க வலது மூளை, எதிர்த்திசைன்னா இடது மூளைன்னு கீழ போட்டிருந்தாங்க. அவளுக்கு கடிகார திசையில தெரிஞ்சுது, அன்னைல இருந்து "நான் வலது மூளை, எனக்கு கணக்கு வராது"ன்னு புக்கை மூடி வெச்சிட்டா. எனக்கோ பாத்துட்டு இருக்கும்போதே திசை மாறுது. மூளையில ஏதாவது கோளாறா, ஸ்கேன் எடுக்கணுமா?

பதில்: வணக்கம்மா. உங்களுக்கு ஒரு கோளாறும் இல்ல, இதுக்காக ஸ்கேன் வேண்டவே வேண்டாம். திசை மாறுறதுதான் அந்தப் படத்தோட குணமே. நோபுயுகி கயஹாராங்கிற ஜப்பான்காரர் 2003ல செஞ்ச படம் அது. வெறும் கருப்பு உருவம், முகம் கிடையாது, துணி மடிப்பு கிடையாது, அதனால தூக்கின கால் நம்ம பக்கம் வருதா அந்தப்பக்கம் போகுதான்னு சொல்ல அதுல ஒரு தடயமும் இல்ல. ஊனி நிக்கிறது இடது கால்னு மூளை எடுத்துக்கிட்டா கடிகார திசை, வலது கால்னு எடுத்துக்கிட்டா எதிர்த்திசை, ரெண்டுமே சரிதான். பொதுவா ஒரு பொருளை மேல இருந்து பாக்குற மாதிரி எடுத்துக்குறது நம்ம மூளையோட பழக்கம், அதனாலதான் நிறைய பேருக்கு உங்க பொண்ணு மாதிரியே கடிகார திசையில தெரியுது. மேல் உடம்பை கையால மறைச்சிட்டு பாதத்தை மட்டும் பாத்துக்கிட்டே இருக்க சொல்லுங்க, அவளுக்கும் மாறலாம்.

இன்னும் நல்லா புரியணும்னா அந்த கணக்கு நோட்டையே எடுக்க சொல்லுங்க. ஒரு சதுரம், அது மேலயே கொஞ்சம் தள்ளி இன்னொரு சதுரம், மூலைக்கு மூலை நாலு கோடு. ஒரு பெட்டி வந்துடும். அதையே உத்துப் பாத்தா எந்தப் பக்கம் முன்னாடி இருக்குன்னு திடீர்னு மாறும், கொஞ்ச நேரத்துல மறுபடி மாறும். சுவிட்சர்லாந்துக்காரர் லூயி நெக்கர் படிகங்களோட படத்தை பாக்குறப்ப இதை கவனிச்சு 1832லயே எழுதிட்டார். கோடு ஒண்ணு கூட நகரல, அவளே போட்ட கோடுதான், மூளை எடுத்துக்குற அர்த்தம் மட்டும்தான் மாறுது. சில செகண்டுக்கு ஒரு தடவை யாரும் வலது மூளைல இருந்து இடது மூளைக்கு தாவுறதில்லம்மா.

அப்போ இந்த வலது இடது பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னா, அது ஒரு உண்மையான ஆராய்ச்சியில இருந்து கிளம்பினது, அதான் இன்னும் வருத்தம். மருந்துக்கு அடங்காத வலிப்பு இருக்குறவங்களுக்கு, மூளையோட ரெண்டு பாதியையும் சேக்குற பாலத்தை ஆபரேஷன்ல வெட்டி விடுவாங்க, வலிப்பு மறுபக்கம் பரவாம இருக்க. அந்த நோயாளிகளை ரோஜர் ஸ்பெரிங்கிற அமெரிக்க விஞ்ஞானி சோதிச்சார். பார்வைக்கு இடது பக்கம் மட்டும் ஒரு பொருளோட பேரை சட்டுனு காட்டி மறைச்சா "ஒண்ணும் பாக்கலையே"ன்னு வாய் சொல்லும், ஆனா இடது கை அந்தப் பொருளை தடவி சரியா எடுத்துடும். ஏன்னா இடது பக்கம் தெரியுறது வலது மூளைக்கு போகுது, இடது கையை நடத்துறதும் அதுதான், பேச்சு பெரும்பாலானவங்களுக்கு இடது மூளையில இருக்கு, நடுவுல பாலம் இல்ல. 1981ல இதுக்காக நோபல் பரிசு வாங்கினார். ஆனா உங்க பொண்ணுக்கு அந்த பாலம் முழுசா இருக்கே! சுமார் 20 கோடி நரம்பு இழை, எல்லாம் எந்நேரமும் ரெண்டு பக்கமும் சேதி கொண்டு போயிட்டேதான் இருக்கு.

ரெண்டு பாதிக்கும் வேலை வித்தியாசம் இருக்குறது நிஜம். வலது பக்கம் ஸ்ட்ரோக் வந்தவங்க சிலர் தட்டுல இடது பாதியை தொடாமலே சாப்பிட்டு முடிச்சிட்டேன்னு சொல்வாங்க, பார்வை நல்லா இருந்தும் அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குங்கிற நினைப்பே வராது. அது ஒரு பாதி அடிபட்டா நடக்குறது. நல்லா இருக்குற மூளையில ஒருத்தருக்கு ஒரு பாதி ஓங்கி இருக்கும், அதை வெச்சு அவர் குணம், திறமை எல்லாம் அமையும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க மூளை ஸ்கேனை அலசி 2013ல வெளியிட்டாங்க, வலது மூளை ஆள் இடது மூளை ஆள்னு யாரையும் பிரிக்க முடியல. கணக்கு போடும்போதும் ரெண்டு பக்கமும் சேந்துதான் வேலை செய்யுது.

உங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், பொம்மை திசை மாறுறது வேற, நிஜ உலகத்துல திடீர்னு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுறது, பார்வையில ஒரு பக்கம் மறைஞ்சு போறது, வாய் கோணுறது, கை தளர்றது, பேச்சு குழறுறது வேற. அப்படி ஏதாவது ஒண்ணு வந்தாலும் ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம எமர்ஜென்சிக்கு போங்க.

பொண்ணுகிட்ட கணக்குல எந்த இடத்துல இருந்து புரியாம போச்சுன்னு பொறுமையா கேளுங்க, வீடியோ வர்றதுக்கு முன்னாடியே எங்கேயோ தடுக்கியிருக்கும்னு எனக்கு தோணுது. அப்படியே கிளாஸ்ல போர்டுல எழுதுறது தெளிவா தெரியுதான்னும் கேளுங்க. இந்த வயசுல சிலருக்கு தூரத்துல இருக்குறது மெதுவா மங்கலாகும், பிள்ளைங்களுக்கே தெரியாது. கண் டெஸ்ட் பண்ணி ஒரு வருஷம் ஆகியிருந்தா மறுபடி ஒரு தடவை பண்ணிடுங்க.