பழைய ஐபிஎம் மாடல் எஃப் கீபோர்டை யூஎஸ்பியில் இணைக்க முடியுமா? கடையில் வாங்கிய அடாப்டர் ஏன் வேலை செய்யவில்லை?

முடியும். கீபோர்டைத் திறக்க வேண்டாம், ஒயரைத் தயவுசெய்து வெட்ட வேண்டாம். நடுவில் ஒரு சின்ன போர்டு போதும்.

1981இல் வந்த 83 கீ மாடலுக்கும் 1984இல் ஐபிஎம் ஏடி கணினியுடன் வந்த 84 கீ மாடலுக்கும் ஒரே 5 பின் டின் பிளக்தான் (வட்ட வடிவ பிளக்). ஆனால் இரண்டும் அனுப்பும் ஸ்கேன்கோடு, அதாவது எந்த கீ அழுத்தப்பட்டது என்று சொல்லும் எண், வேறு. ஏடி மாடல் கணினியிடமிருந்து கட்டளையும் வாங்கும். 83 கீ மாடல் வாங்காது. பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் இவற்றை யூஎஸ்பிக்கு மொழிபெயர்க்காது.

நடுவில் வைக்க ஏடிமெகா32யூ4 சிப் உள்ள புரோ மைக்ரோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்குங்கள். 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் வகைதான் வேண்டும். அச்சு அசலாக அதே தோற்றத்தில் 3.3 வோல்ட் போர்டும் விற்கிறார்கள். ராஸ்பெர்ரி பை பிகோவும் 3.3 வோல்ட்தான், வோல்ட்டேஜை மாற்றித்தரும் லெவல் ஷிஃப்டர் இல்லாமல் இணைக்காதீர்கள்.

கீபோர்டின் பிளக்கைச் செருக ஒரு டின் சாக்கெட்டை போர்டுடன் இணைக்க வேண்டும். சாக்கெட்டின் 1ஆம் பின் கிளாக், அது போர்டின் 2க்கு. 2ஆம் பின் டேட்டா, அது 3க்கு. 4 போர்டின் கிரவுண்டுக்கு, 5 விசிசிக்கு (+5 வோல்ட்). மூன்றாவதை விட்டுவிடலாம். கவனம் தேவைப்படுவது இங்கேதான்: பின்கள் வரிசையாக இருக்காது, அரைவட்டத்தில் 1, 4, 2, 5, 3 என்றுதான் இருக்கும். சால்டர் வைக்கும் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் இடவலம் மாறிவிடும். கிளாக்கும் டேட்டாவும் மாறினால் எழுத்து வராது, அவ்வளவுதான். 4ம் 5ம் மாறினால் கீபோர்டின் சர்க்யூட்டே போய்விடலாம். கீபோர்டைச் செருகும் முன் சாக்கெட்டில் 4க்கும் 5க்கும் இடையே +5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

ஃபர்ம்வேருக்கு, அதாவது போர்டில் ஏற்றும் நிரலுக்கு, டிஎம்கே என்ற கீபோர்டு மென்பொருளின் ஐபிஎம்பிசி கன்வர்ட்டர் நல்லது. இரண்டு மாடலையும் தானே கண்டுகொள்ளும். போர்டின் ஆர்எஸ்டி (ரீசெட்) பின்னை கிரவுண்டுடன் இரண்டு முறை சட்டென்று தொட்டால், புதிய நிரலை வாங்கும் பூட்லோடர் 8 விநாடி திறந்திருக்கும். அதற்குள் கணினியில் ஏவிஆர்டியூட் என்ற மென்பொருளால் ஃபர்ம்வேரின் ஹெக்ஸ் கோப்பை ஏற்ற வேண்டும். விண்டோஸில் அந்த நேரத்துக்கு மட்டும் காம் போர்ட் எண் மாறும். பலர் தடுமாறுவது இதில்தான்.

எழுத்து விட்டுவிட்டு வந்தால் கிளாக், டேட்டா இரண்டிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு ஆளுக்கொரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். குறிப்பிட்ட சில கீ மட்டும் வேலை செய்யாவிட்டால் கன்வர்ட்டரைச் சந்தேகிக்காதீர்கள். மாடல் எஃப் உள்ளே இருக்கும் ஃபோம் காலப்போக்கில் பொடியாகிவிடும், அதைத்தான் மாற்ற வேண்டும்.