மாடல் ரயில் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

கேட்டவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடும் சின்ன ரயிலை வளர்ந்தவர்கள் மணிக்கணக்கில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஒன்று. அது சலிக்காதா என்பது இன்னொன்று. பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்குச் சலிக்கவில்லை.

காரணங்களில் முதலிடம் வேகத்துக்கு, அதாவது வேகம் இல்லாமைக்கு. மாடல் ரயிலை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் கன்ட்ரோலரின் குமிழைக் கடைசிவரை திருப்பிவிடுவார். ரயில் மேசையைச் சுற்றிப் பறக்கும். இரண்டு நிமிடத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று தோன்றும். பார்க்கத் தகுந்தவை எல்லாம் அந்தக் குமிழின் மறுகோடியில் இருக்கின்றன. உலகில் மிகப் பரவலாக இருக்கும் மாடல் அளவான எச்.ஓ. 1:87, அதாவது உண்மையானதில் 87-இல் ஒரு பங்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சரக்கு ரயிலை இந்த அளவுக்குச் சுருக்கினால் அது நொடிக்குச் சுமார் 13 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். ஒரு சாண் தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட இரண்டு நொடி. அந்த நிதானத்துக்கு வண்டியைக் கொண்டுவந்துவிட்டால், கைக்குள் அடங்கும் எஞ்சினுக்குத் திடீரென்று எடை வந்துவிடுகிறது.

இது வெறும் மனப்பிரமை என்று நான் நினைக்கவில்லை, பௌதிகமும் இதில் இருக்கிறது. பெரிய பொருள் மெல்ல ஆடும், சிறியது படபடவென்று ஆடும். ஊசல் ஒருமுறை ஆடி வரும் நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 87-இன் வர்க்கமூலம் ஒன்பதுக்குச் சற்று மேல். ஆகவே உண்மையான பெட்டி பக்கவாட்டில் ஒருமுறை அசைந்து திரும்பும் நேரத்தில், அந்த அளவுக்குக் குறைத்துச் செய்த பெட்டி சுமார் ஒன்பது முறை அசைந்துவிடும். வேகமாக ஓட்டினால் இந்தப் படபடப்பு அது சிறியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். மெதுவாக ஓடும்போது பெட்டி நடுங்குவதில்லை. காட்டிக்கொடுக்க எதுவும் இல்லாததால் கண் அதை நம்பிவிடுகிறது.

அடுத்தது, எங்கிருந்து பார்க்கிறோம் என்பது. நின்றபடி மேலிருந்து பார்த்தால் மேசை தெரியும், வளையம் தெரியும், அதில் சுற்றும் பொம்மை தெரியும். தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். குழந்தைகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, ரயில் தங்களை நோக்கி வருவதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். அனுபவமுள்ளவர்கள் பலர் தங்கள் லேஅவுட்டை, அதாவது பாதையும் காட்சியும் அமைந்த மேசையை, மார்பு உயரத்துக்கு அமைப்பதும் இதற்காகத்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இன்னும் நல்லது. இரண்டு கண்ணும் சேர்ந்துதான் ஒரு பொருள் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்கின்றன. ஒன்றை மூடியதும் அந்தச் சாட்சி போய்விடும். எதிரே வருவது பெரிய எஞ்சின்தான் என்று ஒப்புக்கொள்வதற்குப் பிறகு தடை இருக்காது.

நான் தவறவிடவே விரும்பாதது, ரயில் புறப்படும் அந்தச் சில நொடிகள். பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளில் மயிரிழை அளவுக்குத் தளர்வு இருக்கும். எஞ்சின் நகரத் தொடங்கும்போது ரயில் முழுவதும் ஒரே சமயத்தில் நகர்வதில்லை. முதல் கொக்கி இறுகும், முதல் பெட்டி இழுபடும். பிறகு இரண்டாவது, மூன்றாவது. கடைசியில் இருக்கும் கார்டு பெட்டி, தன் முறை வரும்வரை அசையாமல் நின்றுவிட்டுச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு கிளம்பும். இதை வாலிலிருந்து தலைப்பக்கம் நோக்கிப் பார்க்க வேண்டும். நல்ல மோட்டாரும் அதன் தண்டில் ஃப்ளைவீல் என்னும் கனமான சுழல்சக்கரமும் இருந்தால் எஞ்சின் துள்ளாமல், எப்போது கிளம்பியது என்றே தெரியாதபடி கிளம்பும். டி.சி.சி. என்னும் டிஜிட்டல் முறையில் ஓட்டுபவர்கள், வேகம் எவ்வளவு மெல்ல ஏற வேண்டும், எவ்வளவு மெல்ல இறங்க வேண்டும் என்பதை எஞ்சினுக்குள்ளேயே பதிந்துவைக்கலாம். என்னைக் கேட்டால் அந்த முறை தந்த மிகப் பெரிய கொடை, ஒலியும் விளக்கும் அல்ல, இதுதான்.

நீராவி எஞ்சின் மாடலாக இருந்தால் சக்கரங்களின் பக்கத்திலேயே கண் தங்கிவிடும். சக்கரங்களைப் பிணைக்கும் தண்டு மேலும் கீழுமாக உருண்டு வர, பிஸ்டனோடு சேர்ந்த தண்டு முன்னும் பின்னும் போய்வர, அதற்கு மேலே மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருக்கும். பல எஞ்சின்களில் அது பெல்ஜியத்தைச் சேர்ந்த எகீட் வால்ஷார்ட்ஸ் 1844-இல் வகுத்த வால்வு அமைப்பு. உண்மையான எஞ்சினில் அது எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நீராவியை விட வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மாடலில் அதற்கு எந்த வேலையும் இல்லை, சக்கரத்தைச் சுழற்றுவது உள்ளே இருக்கும் மின்மோட்டார். ஆனாலும் அத்தனை கம்பிகளையும் யாரோ ஒருவர் தாள் கனத்துக்கு வெட்டிப் பூட்டி, சரியான ஒழுங்கில் அசைய வைத்திருக்கிறார். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத் தொடர முடியும். பெரிய எஞ்சின் பக்கத்தில் போகையில் இதற்கு அவகாசமே கிடைக்காது.

பெரிய ரயிலோடு ஒப்பிடும்போது இன்னொன்றும் உண்டு. அதில் நாம் உள்ளே இருப்போம், அல்லது வெளியே நிற்போம். உள்ளே இருந்தால் ரயில் தெரியாது. வெளியே நின்றால் நம்மைக் கடந்து போய்விடும், எங்கே போய்ச் சேர்ந்தது என்பது நமக்குத் தெரியாது. மாடலில் முழுப் பயணமும் கண்முன்னே நடக்கிறது. வளைவில் திரும்பும்போது தலை முதல் வால் வரை ஒரே பார்வையில் அகப்படும். கார்டு பெட்டி குகைக்குள் நுழைந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் மறுபக்கம் வெளியே வருவதைப் பார்க்கலாம். சிலர் குகைக்குள் போன ரயிலை உள்ளேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள். உடனே வெளியே வந்தால் அது மேசையின் மறுபக்கம், தாமதித்து வந்தால் எங்கோ ஓர் ஊருக்குப் போய்விட்டு வருகிறது. எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடிக்கும்.

சுற்றிச் சுற்றி ஓட விடுவதைச் சற்றுத் தாழ்வாகப் பேசுபவர்கள் மாடல் ரயில் உலகிலேயே இருக்கிறார்கள். கால அட்டவணை, சரக்குச் சீட்டு, பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் என்று உண்மையான ரயில்வேயைப் போலவே நடத்த வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அந்த உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் வெறுமனே பார்ப்பது அதற்கு முந்தைய படி என்பதை நான் ஏற்கவில்லை. 1891-இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மெர்க்லின் என்னும் பொம்மை நிறுவனம் 8 என்ற எண்ணின் வடிவில் அமைந்த பாதையோடு பொம்மை ரயிலைக் காட்சிக்கு வைத்தது. அன்று முதல் இந்தப் பொழுதுபோக்கின் மையத்தில் இருப்பது போய்த் திரும்பிவரும் அந்தப் பாதைதான். ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்னும் மாடல் ரயில் காட்சியகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் இருக்கின்றன. அங்கே வருகிறவர்கள் எந்த ரயிலையும் ஓட்டுவதற்காக வருவதில்லை, பார்க்கத்தான் வருகிறார்கள்.

சலிப்பைப் பற்றி: ஒவ்வொரு சுற்றிலும் வேறொன்றைப் பார்த்தால் சலிக்காது. ஒரு சுற்று, பாதை பிரியும் இடமான பாயிண்டைக் கடக்கும் சக்கரங்கள். ஒரு சுற்று பாலத்தின் மேல் விழும் நிழல். ஒரு சுற்று எதையும் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்கலாம். உண்மையான பாதைகளில் தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டதால் பழைய தடக் தடக் ஒலி பெரும்பாலும் போய்விட்டது. மாடலில் இணைப்புகள் இன்னும் இருக்கின்றன, ஆகவே அந்த ஒலியும் இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டிகளின் ஜன்னல் விளக்குகளை மட்டும் எரியவிட்டால், அதே ரயில் வேறு ரயிலாகிவிடும். தண்டவாளத்தில் அழுக்குப் படிந்திருந்தால் அந்த விளக்குகள் மினுக்கும், எஞ்சினும் தயங்கித் தயங்கிப் போகும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எங்காவது மாடல் ரயில் கண்காட்சி நடந்தால் போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் மூலையில் குனிந்து நின்று, ஓட்டுபவரிடம் இன்னும் மெதுவாக ஓட்ட முடியுமா என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் மறுத்தவர் எவரும் இல்லை. எஞ்சினின் குணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டே குமிழைத் திருப்புவார்கள்.