நனைந்த கூடாரமும் முதுகுப்பையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நனைந்த கூடாரத்தைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். இனிமேல் எழுதும்போது கூடாரம் எத்தனை பேருக்கானது, கூடாரத்தைத் தாங்கும் கம்பி (போல்) துணிக்குழாயில் கோர்ப்பதா கொக்கியில் மாட்டுவதா, பை எத்தனை லீட்டர் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அவை தெரியாமல் நான் சொல்வது அரைகுறைப் பதிலாகத்தான் இருக்கும்.

விடிய விடிய மழை. காலையில் இறங்கியே ஆக வேண்டும். எதை முதலில் கழற்றுவது? (ஹட்டன்)

கூடாரத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அதற்கு முன், உள்ளே உட்கார்ந்தபடியே ஸ்லீப்பிங் பேக், மாற்றுடுப்பு, மிச்சச் சாப்பாடு எல்லாவற்றையும் லைனருக்குள் (முதுகுப்பைக்குள்ளே போடும் நீர் புகாத உறை) போட்டு வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள். கட்டிய லைனருக்குள் ஈரமான எதுவும் போகக் கூடாது. மழை அங்கி, தண்ணீர், வழியில் கடிக்க பிஸ்கட் இவையெல்லாம் வெளிப் பைகளில் இருக்கட்டும்.

கொக்கியில் மாட்டும் இன்னர் (உள்கூடாரம்) என்றால் உங்கள் பாடு சுலபம். போல் நுனியைப் பிடிக்கும் வளையம் ஃபிளையிலோ (மேலே போடும் மழைத்துணி) தரையில் விரிக்கும் கிரவுண்ட்ஷீட்டிலோ இருந்தால், ஃபிளையை அப்படியே நிற்க விட்டு, அதன் கீழே குனிந்து இன்னரை மட்டும் கழற்றிச் சுருட்டி அதற்கென்று உள்ள பையில் போடலாம். ஒரு துளி படாமல் வந்துவிடும். துணிக்குழாயில் போல் கோர்க்கும் மலிவான டோம் கூடாரத்தில் இது நடக்காது. அங்கே ஃபிளையைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கும். ஒருவர் அதை மேலே விரித்துப் பிடிக்க, மற்றவர் கீழே இன்னரைச் சுருட்டட்டும். அப்புறம் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து ஃபிளையை நாலைந்து தடவை பலமாக உதறுங்கள். உதறாமல் மடித்தால் இரண்டு கிலோ கூடாரம் மூன்று கிலோவாகத் தோளில் தொங்கும்.

டென்டை பையில் மேலே வைப்பதா, கீழே வைப்பதா? (ஊர் எழுதவில்லை)

ஈரமா காய்ந்ததா என்பதையும் எழுதவில்லையே! பதிலே அதில்தான் இருக்கிறது.

காய்ந்தது என்றால் ஸ்லீப்பிங் பேக்குக்கு மேலே, முதுகை ஒட்டி, பையின் நடுவில் வையுங்கள். பாரமான பொருள் முதுகை விட்டுத் தள்ளிப் போனால் ஏற்றத்தில் பை உங்களைப் பின்னால் இழுக்கும். ஈரம் என்றால், கட்டிய லைனருக்கு மேலே, பையின் மூடிக்குக் கீழே. வடியும் தண்ணீர் லைனரின் வெளிப்புறமாக இறங்கி அடித்துணி வழியே போய்விடும். பையின் முன்பக்கத்தில் பெரிய வலைப்பை இருந்தால் ஃபிளையை அதில் திணிப்பது இன்னும் நல்லது. லைனரே இல்லாமல் ஈரக் கூடாரத்தை மேலே வைப்பவர்களின் ஸ்லீப்பிங் பேக் அன்றிரவு பிழியும் நிலையில் இருக்கும். பைக்கு மேலே மழையுறை போட்டிருக்கிறேன், போதாதா என்று இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். போதாது. முதுகுக்கும் பைக்கும் இடையே வழியும் மழையை அந்த உறை தடுக்காது.

மடிப்பதா, திணிப்பதா? (பண்டாரவளை)

இரண்டும் சரி. ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் மட்டும் மடிக்காதீர்கள். மழையைத் தடுக்கும் பூச்சு அந்தக் கோட்டில்தான் வெடிக்கும். போலையும் பெக்கையும் (நிலத்தில் அடிக்கும் முளை) துணிக்குள் சுருட்ட வேண்டாம்.

நண்பரிடம் இரவல் வாங்கிய கூடாரம். நாராங்கலை மலையில் மழையில் நனைந்தது. அப்படியே சுருட்டி அலுமாரியில் வைத்துவிட்டு மூன்று வாரம் கழித்துத் திறந்தால் ஃபிளை ஒன்றோடொன்று ஒட்டுகிறது, வாந்தி எடுத்தது போல மணக்கிறது. கழுவினால் போய்விடுமா? (பதுளை)

போகாது, தம்பி. கழுவிப் போக்குவதற்கு அது அழுக்கு இல்லை. துணியின் உட்புறம் மழையைத் தாங்குவது பொலியூரதீன் என்ற மெல்லிய பூச்சு. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இரசாயன ரீதியாகவே உடையத் தொடங்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு அந்த நாற்றம் வரும், கடைசியில் வெள்ளைத் தவிடு மாதிரி விரலோடு உரிந்து வரும். தையல்களின் மேல் ஒட்டிய நாடாவும் அதோடு கழன்றுவிடும். சில பழைய கூடாரங்களுக்கு வயது போனாலே இது நடக்கும். ஆனால் மூன்று வாரம் ஈரத்தில் மூடி வைத்தது காரியத்தை விரைவாக முடித்திருக்கிறது. கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் அது பூஞ்சணம். காய்ந்த பிறகு மணம் குறையும், கறை பெரும்பாலும் நிற்கும். ப்ளீச் போட்டுத் தேய்த்தால் துணியும் போய்விடும்.

இதைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. மலைக்குப் போவதற்கு ஒரு வாரம் ஆயத்தம் செய்கிறோம், படம் எடுக்கிறோம். திரும்பி வந்ததும் பையை மூலையில் எறிந்துவிட்டுத் தூங்கப் போகிறோம். அதுவும் சொந்தப் பொருள் என்றால் ஒரு கவனம் இருக்கும். இரவல் கூடாரம், வாடகைக் கூடாரம் என்றால் அந்தக் கவனமும் இல்லை. நான் ஓர் இடத்தில் வாடகைக்கு எடுத்த கூடாரத்தை மலையுச்சியில் விரித்தபோது, முந்திய ஆள் மடித்த ஈரமும் புல்லும் அப்படியே உள்ளே இருந்தன. கொடுத்தவர்களும் திறந்து பார்க்கவில்லை, எடுத்தவரும் சொல்லவில்லை. அன்றிரவு நனைந்தது மூன்றாவது ஆளான நான். நல்ல இரண்டு பேர் கூடாரம் ஒன்றை வாங்கப் பல பேருக்கு ஒரு மாதச் சம்பளம் வேண்டும். இரவல் கொடுத்தவர் அதை உங்களை நம்பித்தான் கொடுத்தார்.

சரி, இனி என்ன செய்வது? முதலில் நண்பரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மழைக்கு அந்த ஃபிளை இனி உதவாது. புதிய ஃபிளை கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் கூடாரத்தையே வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த முறைக்கு இதைக் கேளுங்கள். வீடு வந்த அன்றே, குளிப்பதற்கு முன்பே, கூடாரத்தை வெளியே எடுங்கள். சேறு இருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். சலவைத் தூளும் மெஷினும் வேண்டாம். மழை விடாத வீட்டிலும் காய வைக்கலாம். இஸ்தோப்பில் கயிறு கட்டி ஃபிளையைப் போடுங்கள், இன்னரை உள்ளறையில் கதவு மேல் விரியுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். நடுத்துணி தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஏமாறாதீர்கள். தையல், சிப் ஓரம், கிரவுண்ட்ஷீட்டின் நான்கு மூலை, நாடா முடிச்சுகள், இவைதான் கடைசியில் காயும். அவற்றை விரலால் கிள்ளிப் பாருங்கள். அடுப்பங்கரையில் தொங்கவிட வேண்டாம். ஒரு பொறி பட்டால் நைலோன் உருகி ஓட்டை விழும். வெயில் அடித்தால் ஒரு மணி நேரம் போதும். மலை வெயில் குளிராகத் தெரிந்தாலும் புறஊதாக் கதிர் பலமாக இருக்கும், நாள் முழுக்கக் கிடந்தால் துணி நைந்துவிடும். முழுதாகக் காய்ந்ததும் இறுக்கமான பையில் அடைக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.

ஜனவரியில் நுவரெலியா. மழையே பெய்யவில்லை, ஆனால் காலையில் ஃபிளையின் உட்புறம் சொட்டச் சொட்ட ஈரம். கூடாரம் ஒழுகுகிறதா? (நானுஓயா)

ஒழுகவில்லை. நீங்கள் விட்ட மூச்சு அது. வெளியே புல்லில் உறைபனி பிடிக்கும் குளிரில், மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகிறது. காற்றுத் துவாரத்தைத் திறந்து வையுங்கள், ஈர உடுப்பை உள்ளே வைக்காதீர்கள். காலையில் ஒரு துணியால் துடைத்து, பிழிந்து, மறுபடி துடையுங்கள். துடைத்தாலும் அது ஈரக் கூடாரம்தான். லைனருக்கு வெளியே வையுங்கள், வீட்டுக்கு வந்து காய வையுங்கள்.

ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் லைனருக்கு என்ன செய்வது? (தலவாக்கலை)

எடுப்பது சரியான காரியம். மரைகள் அதைத் தின்றுவிடும். பூச்சு போட்ட நைலோன் ட்ரை பேக் (நீர் புகாத பை) இரண்டு வாங்குங்கள், ஒன்று ஸ்லீப்பிங் பேக்குக்கு, மற்றது ஈரக் கூடாரத்துக்கு. அங்கே இரவு தங்க வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்பது தெரியும்தானே.

உரப் பையின் உள்ளுறையை லைனராகப் போடலாமா? தடிப்பாக இருக்கிறதே. (மஸ்கெலியா)

பொலித்தீன் தடை இல்லாத இடத்தில் போடலாம். பல தடவை கழுவி, உரத்தின் மணம் முற்றாகப் போன பிறகு மட்டும். சாப்பாட்டை வேறு உறை இல்லாமல் அதற்குள் வைக்காதீர்கள்.

நக்கிள்ஸ் மலையில் இருந்து வந்து கூடாரத்தைப் பிரித்தால் உயிரோடு அட்டை! (மாத்தளை)

ஈரமாகச் சுருட்டினீர்கள், அதற்கு வசதியாகப் போய்விட்டது. கிரவுண்ட்ஷீட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, தட்டிவிட்டுப் பிறகு சுருட்டுங்கள். துணியில் உப்பைக் கொட்ட வேண்டாம்.

எந்த மாதம் போனால் கூடாரம் நனையாது? (கொழும்பு)

அப்படி ஒரு மாதம் மலைநாட்டில் இல்லை. தென்மேற்குப் பருவமழை, அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் பலமாக இருக்கும். அப்போது பதுளை, பண்டாரவளைப் பக்கம் கொஞ்சம் காயும். டிசம்பர், ஜனவரியில் நிலைமை மறுபுறமாகத் திரும்பும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை எங்கேயும் வரும். கூடாரம் ஈரமாகத்தான் திரும்பும் என்று எண்ணியே பையை அடுக்குங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பையை அடுக்கவே வேண்டாம், வீட்டில் இருங்கள்.

போலைப் பைக்கு வெளியே கட்டினால் பஸ்ஸில் ஆட்களைக் குத்துகிறது. (ஹப்புத்தளை)

பக்கப் பையில் செங்குத்தாக நிறுத்தி, மேல் பட்டியை இறுக்குங்கள். பையின் மேல்விளிம்பைத் தாண்டி நீட்டக் கூடாது. தேயிலை மலைக்குள் நடக்கும்போதும் அப்படித்தான், இல்லையென்றால் ஒவ்வொரு செடியிலும் மாட்டும். ஈர ஃபிளை வெளியே இருந்தால் பஸ்ஸில் ஏறும் முன் அதை ட்ரை பேக்குக்குள் மாற்றுங்கள். மேல் தட்டில் வைத்தால் கீழே இருப்பவர் தலையில் சொட்டும்.