தேடி வருகிறவர்கள் என்ன தட்டச்சு செய்கிறார்கள்?

கேள்வி: கையால் தைத்த துணிப்பைகளை என் சொந்த இணையதளத்தில் விற்கிறேன். தளம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. வருகிற ஆர்டர் எல்லாம் தெரிந்தவர்கள் மூலமும் சமூக வலைதளங்கள் மூலமும்தான். கூகுளில் தேடி வந்து வாங்கியவர் ஒருவரும் இல்லை. எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை) கருவிகளுக்கு மாதாமாதம் பணம் கட்ட வசதி இல்லை. இலவசக் கருவிகளை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். உங்கள் அளவிலான கடைக்கு முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கு இலவசக் கருவிகளே போதும் என்பேன். கட்டணக் கருவிகள் பெரும்பாலும் போட்டியாளர்களின் தளங்களைப் பற்றிய மதிப்பீடுகளைத் தருகின்றன. உங்கள் தளத்தை கூகுள் எப்படிப் பார்க்கிறது என்ற நேரடிக் கணக்கு கூகுள் சர்ச் கன்சோலில் இருக்கிறது. அது முழுக்க இலவசம். இன்னும் இணைக்கவில்லை என்றால் இன்றே இணைத்துவிடுங்கள், ஏனென்றால் இணைத்த நாளிலிருந்துதான் தரவு சேரத் தொடங்கும். அதன் பிறகு 16 மாதத் தரவு வரை திரும்பிப் பார்க்கலாம்.

முதலில் ஒரு அடிப்படைச் சோதனை. உங்கள் பக்கங்கள் கூகுளின் இன்டெக்ஸில், அதாவது தேடலில் காட்டுவதற்காக அது சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களின் தொகுப்பில், இருக்கின்றனவா? சர்ச் கன்சோலின் மேலே இருக்கும் பெட்டியில் ஒரு பையின் பக்க முகவரியை ஒட்டி என்டர் தட்டுங்கள். பக்கம் கூகுளில் இருக்கிறதா என்று சொல்லிவிடும், இல்லையென்றால் காரணமும் காட்டும். நான் பார்த்த ஒரு கடையில் தளத்தை வடிவமைத்தவர் வேலை நடக்கும்போது போட்ட ‘நோஇண்டெக்ஸ்’ குறியை எடுக்க மறந்திருந்தார். தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறி அது. அந்த ஒரு வரி இருக்கும்வரை வேறு என்ன செய்தாலும் பயனில்லை. அதனால் இந்தச் சோதனையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பான சைட்மேப்பையும் அங்கேயே சமர்ப்பித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இனிதான் முக்கியமான இடம். ‘பெர்ஃபார்மன்ஸ்’ அறிக்கையைத் திறந்து கடைசி மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை), சிடிஆர் (அதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது), சராசரி இடம் என்று நான்கு கட்டங்கள் தெரியும், நான்கையும் ஆன் செய்யுங்கள். கீழே மக்கள் தேடிய சொற்கள் வரிசையாக வரும். கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை என்று நான் நம்புகிறேன். வாடிக்கையாளர் தன் தேவையைத் தன் வாயால் சொல்வது இங்கேதான். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி கூகுள் மறைத்துவிடும், அதனால் மொத்தக் கணக்கும் வரிசைகளின் கூட்டலும் ஒத்துப்போகாது. பயப்பட வேண்டாம்.

அந்த வரிசையில் இம்ப்ரெஷன் அதிகமாகவும் சராசரி இடம் 8 முதல் 20க்குள்ளும் இருக்கும் சொற்களைத் தேடிப் பிடியுங்கள். உதாரணத்துக்கு, ‘15 இன்ச் லேப்டாப் துணிப்பை’ என்ற சொல் 400 இம்ப்ரெஷன், 2 கிளிக், 13ஆம் இடம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுள் உங்களை ஓரளவு பொருத்தமானவர் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் நீங்கள் நிற்பது மக்கள் அதிகம் போகாத இடத்தில். அந்தச் சொல்லின் மீது கிளிக் செய்து ‘பேஜஸ்’ தாவலுக்குப் போனால், எந்தப் பக்கம் காட்டப்படுகிறது என்று தெரியும். பல கடைகளில் அது முகப்புப் பக்கமாக இருக்கும். காரணம், அந்தத் தேவைக்கென்று தனிப் பக்கமே கிடையாது.

கையால் செய்பவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: ஒவ்வொரு பைக்கும் ஆசையாக ஒரு பெயர் வைத்து, அதையே பக்கத் தலைப்பாகவும் போட்டுவிடுவார்கள். ‘நிலா’ என்று தலைப்பு வைத்த பை, லேப்டாப் பை தேடுகிறவர் கண்ணில் எப்படிப் படும்? பெயர் இருக்கட்டும். தலைப்பை மட்டும் ‘நிலா: 15 இன்ச் லேப்டாப்புக்கான துணிப்பை’ என்று மாற்றுங்கள். அளவு, துணி வகை, துவைக்கலாமா, உள்ளே எத்தனை அறை என்பதையெல்லாம் எழுத்தாக எழுதுங்கள். படத்துக்குள் பொறித்த எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் ட்ரெண்ட்ஸ் ஒரு சொல் எந்த மாதத்தில் சூடு பிடிக்கிறது என்று காட்டும். அதில் தெரியும் 0 முதல் 100 வரையிலான எண் ஒப்பீட்டு அளவு, தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. பக்கத்தின் வேகத்தை அளக்கும் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் உங்கள் பக்கத்தைப் போட்டு, முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிகிறதா என்று மொபைல் தாவலில் பாருங்கள். பெரும்பாலும் படங்களைச் சுருக்கினாலே நல்ல மாற்றம் தெரியும். பிங் தேடுபொறிக்கான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில், சர்ச் கன்சோலில் சேர்த்த தளத்தையும் சைட்மேப்பையும் அப்படியே இறக்கிக்கொள்ளலாம், அதனால் அதையும் விடாதீர்கள். பொருட்களை கூகுளில் காட்டுவதற்கான மெர்ச்சன்ட் சென்டரின் இலவசப் பட்டியல் உங்கள் நாட்டில் இருந்தால் பைகளைப் படத்தோடும் விலையோடும் ஏற்றிவிடலாம். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில்களுக்கானது, ஆன்லைனில் மட்டும் விற்கும் கடைக்கு அது பொருந்தாது.

சிலவற்றைத் தொடவே வேண்டாம். பக்கத்துக்கான தேடுசொற்களை நிரப்பும் மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. ‘டொமைன் அத்தாரிட்டி’ என்பது ஒரு தளத்தின் வலிமையை மதிப்பிட வேறு நிறுவனம் கணக்கிடும் எண், கூகுளுடையது அல்ல. ஆயிரம் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) இலவசம் என்று அழைக்கும் தளங்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு பக்கத்தை மட்டும் திருத்துங்கள். எந்தத் தேதியில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பலன் தெரியச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். ஒரு மாதம் கழித்து, அறிக்கையில் கடைசி 28 நாளை அதற்கு முந்தைய 28 நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடம் முன்னேறியும் கிளிக் கூடவில்லை என்றால் தலைப்பையும், தேடல் முடிவில் அதன் கீழே வரும் விளக்க வரியையும் மறுபடி எழுதுங்கள். கிளிக் கூடியும் ஆர்டர் வரவில்லை என்றால் கோளாறு தேடலில் இல்லை. படங்களையும் டெலிவரி விவரத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் ஒரு தடவை நீங்களே வாடிக்கையாளராக, மொபைலில், கடைசிவரை போய்ப் பாருங்கள்.