வாசகர் கேள்வி – பதில்: கியாவென்னாவுக்கு ஒரு நாள்

கேள்வி: மிலானில் படிக்கும் மகளைப் பார்க்க ஜூனில் போகிறோம். ஒரே நாளில் போய்த் திரும்ப ஒரு மலையூர் சொல்லுங்கள். (வாசகி, திருச்சி)

பதில்: கியாவென்னா. வடக்கு இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் சின்ன ஊர். மிலான் சென்ட்ராலேயில் திரானோ செல்லும் ரயிலில் ஏறுங்கள். கோமோ ஏரி தெரிய இடப்பக்க ஜன்னல். ஏரியின் வடக்கு முனையில் கோலிக்கோவில் இறங்கி வண்டி மாற வேண்டும். வேடிக்கை பார்த்துக்கொண்டு தவறவிட்டால், அதே ரயில் உங்களைக் கிழக்கே வால்தெல்லீனா பள்ளத்தாக்குக்குள் கொண்டுபோய்விடும். காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறும் முன்பே நிலைய இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். இல்லாவிட்டால் அபராதம்.

கேள்வி: அவ்வளவு சின்ன ஊரில் அப்படியென்ன வரலாறு? (வாசகர், மதுரை)

பதில்: ஆல்ப்ஸைக் கடக்கும் ஸ்ப்ளூகன் (2,113 மீ), மலோயா (1,815 மீ) பாதைகள் இரண்டும் இங்கேதான் கூடுகின்றன. அதனால்தான் 1512 முதல் 1797 வரை இதைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள், இன்றைய சுவிட்சர்லாந்தின் கிரிசன்ஸ் பகுதிக்காரர்கள்.

பக்கத்து ஊரான பியூரோவையும் பார்த்துவிடுங்கள். பட்டு வணிகத்திலும் மாக்கல் பாத்திரத்திலும் கொழித்த ஊர். நம்மூர் கல்சட்டிக்கு ஆகிற ரகக் கல்தான். 1618 செப்டம்பர் 4 அன்று கோன்டோ மலை சரிந்து ஊரை மூடியது. சுமார் ஆயிரம் பேர் மாண்டார்கள். பல நாள் அடைமழையோடு, மாக்கல்லுக்காக மலையைக் குடைந்ததும் காரணம் என்பார்கள். சற்றுத் தள்ளி ப்ரோஸ்தோவில் இருந்ததால் வெர்தெமாத்தே ஃப்ராங்கி மாளிகை தப்பியது. உள்ளே மரக் கூரையும் சுவரோவியங்களும் அபாரம். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'குரோத்தோ' உணவகங்களில் ஏசி இல்லாமலே குளிருமாமே? (வாசகர், கோவை)

பதில்: குளிரும். பழங்காலச் சரிவில் உருண்டு வந்த பெரும்பாறைகளின் இடுக்குகள் வழியே வரும் காற்று, வெயிலோ பனியோ, சுமார் 8 டிகிரியிலேயே இருக்கும். அந்த இடுக்கை ஒட்டிச் சுவர் எழுப்பி ஒயின், பாலாடைக்கட்டி, ப்ரிசாவோலா எனும் பதப்படுத்திய மாட்டிறைச்சி எல்லாம் வைத்தார்கள். சாப்பாட்டு மேசை பிறகு வந்தது. நிலவறைக்குள் போகும்போது சால்வை தேவைப்படும். சைவர்கள் வெள்ளை பிட்சொக்கேரி எனும் சிறு மாவு உருண்டைகளைக் கேட்கலாம். முட்டை சேர்க்கிறார்களா என்று விசாரியுங்கள்.

கேள்வி: அக்குவாஃப்ராஜா அருவிக்கு மூட்டுவலிக்காரர் போகலாமா? (வாசகி, சேலம்)

பதில்: அடிவாரம் வரை தாராளமாகப் போகலாம். பியூரோவை ஒட்டிய, லியோனார்டோ டா வின்சி குறித்து வைத்த அந்த இரட்டை அருவி, கீழிருந்தே முழுதாகத் தெரியும். பனி உருகும் ஜூனில் தண்ணீர் கொட்டும். அதற்கு மேலே, வண்டிச் சாலை இல்லாத சவோஞ்ஞோ கிராமத்துக்குக் கல் படிகள்தான் வழி. ஏறக்குறைய 500 மீட்டர் ஏற்றம். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்கால் சொல்லும். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், செருப்போடு ஏறாதீர்கள்.