டவல் ராடைப் பிடித்து எழாதீர்கள்: வீட்டுப் பெரியவர்களின் நடமாட்டம் குறித்துக் கேள்வி பதில்

பதில் சொல்பவர், வீடுகளுக்குப் போய் முதியோருக்கு நடைப்பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்திலேயே இரண்டு முறை விழுந்துவிட்டார். தரையில் ஈரம் இல்லை. என்ன காரணம்?

பதில்: எழுந்த இடத்திலேயே விழுகிறார் என்றால் முதலில் பிரஷரைப் பாருங்கள். எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். அதை உடம்பு உடனே ஈடுகட்ட வேண்டும். வயதானால் அது மந்தமாகிவிடும். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பாருங்கள். நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் என எதைச் சாப்பிட்டாலும் சீட்டைக் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அதுவரை, எழுந்ததும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பாதத்தைப் பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நிற்கட்டும்.

கேள்வி: கைத்தடி எந்தக் கையில்?

பதில்: வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில். தடியும் வலிக்கிற காலும் சேர்ந்து முன்னே போகவேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். அடி ரப்பர் தேய்ந்தால் அன்றே மாற்றுங்கள்.

கேள்வி: அம்மா பாத்ரூமில் டவல் ராடைப் பிடித்துத்தான் எழுகிறார். போதாதா?

பதில்: போதவே போதாது. அது துண்டின் கனத்துக்காகச் செய்தது. பிளாஸ்டிக் பிளக்கில் சின்ன ஸ்க்ரூ. ஆள் தொங்கினால் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும், அம்மாவும் கம்பியோடு பின்னால் சாய்வார். ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குல கனத்தில் ஸ்டீல் கைப்பிடி வாங்கி, டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வரை ஆங்கர் போல்ட் இறக்கச் சொல்லுங்கள். சுவருக்கும் கம்பிக்கும் ஒன்றரை அங்குல இடைவெளி இருக்கட்டும்; அதிகமானால் கை உள்ளே மாட்டும். வேலை முடிந்ததும் முதலில் நீங்கள் தொங்கிப் பாருங்கள்.

கேள்வி: வெஸ்டர்ன் டாய்லெட் வந்துதான் முழங்கால் கெட்டது. என் தாத்தா 90 வயதிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வயதானவர்களுக்கு இந்தியன் டாய்லெட்டை நீங்கள் ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

பதில்: தாத்தாவின் கால் பலம் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்ததில் வந்தது, ஐயா. 40 வயதுக்காரர் இந்தியன் டாய்லெட்டையே வைத்துக்கொள்ளட்டும். மூட்டு தேய்ந்த 75 வயதுக்காரருக்குக் குத்துக்காலிலிருந்து எழுவதுதான் மிகக் கடினமான வேலை. அதை ஈரத் தரையில், ராத்திரியில், பிடிமானம் இல்லாமல் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (அவரே): அப்படியென்றால் காலைச் சும்மா விட்டுவிடுவதா?

பதில்: விடவே கூடாது. பலத்தை ஹாலில் சேருங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழட்டும். காலை ஐந்து, மாலை ஐந்து. வலி இல்லையென்றால் பத்தாக்கலாம். கையூன்றாமல் எழ முடியாதவர் ஊன்றியே தொடங்கட்டும்.

கேள்வி: டாய்லெட்டை இடித்துக் கட்ட வசதியில்லை.

பதில்: இந்தியன் டாய்லெட்டுக்கு மேலேயே வைக்கிற கமோடு சேர் கிடைக்கும். காலில் ரப்பர் புஷ் இருக்கிறதா, ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மாமியாருக்கு இடது முட்டி வலி. தடி எந்தக் கை?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். வலது கை. உங்கள் வீட்டு டவல் ராடையும் பாருங்கள்.

கேள்வி: எந்த கம்பெனி முட்டி பெல்ட் நல்லது?

பதில்: கம்பெனி பெயர் சொல்வதில்லை. எலும்பு டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: தடி நான்கு கால் உள்ளதென்றால் எந்தக் கை?

பதில்: அதே எதிர்க்கைதான். தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பாட்டி நேற்று வழுக்கி விழுந்தார். கால் ஊன்ற முடியவில்லை, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. எண்ணெய் போட்டு நீவலாமா?

பதில்: தொடாதீர்கள், தம்பி. நீவவும் வேண்டாம், நடக்கவைக்கவும் வேண்டாம். இது இடுப்பெலும்பு முறிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் தேவைப்பட்டால் ஓரிரு நாளுக்குள் செய்வதே நல்லது. ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது. இப்போதே 108-ஐக் கூப்பிட்டு எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்றக் கேள்விகளுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.